அம்மா பிடிக்கிற விரதம்

பொலிகண்டி
04.05.2024

அன்பு அண்ணைக்கு,

சுவர்ணா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். முல்லைத்தீவுக் கரையில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

கடிதத்தைக் கண்டு சிரிக்க வேண்டாம். உங்கள் போன் கடலில் விழுந்த பிறகு எனக்கு உங்களோடு கதைக்க வேறு வழி இல்லை. போட் சொந்தக்காரச் சம்மாட்டியின் போனில் நீங்கள் எடுத்தால் அங்கே நீங்கள் தங்கியிருக்கிற மீன்பிடி வாடி முழுக்கக் கேட்கிறது. இங்கே அம்மா போனை என் கையில் தருவதே இல்லை. ஐஸ் லொறி ஓட்டுகிற சந்தியோகு அண்ணையிடம் கேட்டேன். "ஐஸோடை இதுவும் போகும். நனைஞ்சா என்னைப் பேசக்கூடாது" என்றார். பொலித்தீன் பையில் சுற்றித் தருகிறேன். நீங்களும் அவரிடமே பதிலைக் கொடுத்துவிடுங்கள்.

அச்சுவேலி ரியூசனில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் என் குரல் கடைசி வாங்குக்குக் கேட்கவில்லை. "மிஸ், நீங்கள் எங்களோடை கதைக்கிறியளோ, கரும்பலகையோடை கதைக்கிறியளோ?" என்று ஒரு பெடியன் கேட்டான். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. சனிக்கிழமைகளில் ஆசிரியர் சோதனைக்கு யாழ்ப்பாணத்தில் நடக்கிற வகுப்புக்கும் போகிறேன். பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் போகிற காசைப் பார்க்கையில் எனக்கு மனம் வராது. ஆனால் அம்மா விடியவே எழும்பி என்னைத் துரத்திவிடுகிறா.

நீங்கள் போன பிறகு நாங்கள் மீன் வாங்கிச் சாப்பிடுகிற வீடாகிவிட்டோம். அம்மாவுக்கு அது பெரிய வெட்கம். அப்பா இருந்த காலத்திலும் சரி, நீங்கள் இங்கே தொழில் செய்த காலத்திலும் சரி, அவ மீனுக்குக் காசு கொடுத்ததே இல்லையல்லவா? சந்தைக்கு என்னைத்தான் அனுப்புகிறா.

வேறென்ன? அம்மா வெள்ளியோடு இப்போது செவ்வாயும் விரதம் பிடிக்கிறா. மத்தியானம் ஒரு நேரம் மட்டும் சாப்பாடு. உங்களுக்காக என்று சொல்கிறா.

உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள் தங்கச்சி
சுவர்ணா

•

வாடி
19.05.2024

அன்பான தங்கச்சிக்கு,

அண்ணை எழுதிறது. உன்ரை கடிதம் நனையாமல் வந்து சேர்ந்தது. நான் நல்ல சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமாய் இருந்தால் எனக்கு அது போதும்.

எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தா ரீச்சர் திருத்து.

தொழில் பரவாயில்லை. மண்ணெண்ணெய் விலைக்குத் தூரம் ஓட ஏலாது, கிட்டத்திலை மீன் இல்லை. தூரம் போனா எண்ணெய் தின்னும், கிட்டப் போனா வலை வெறுமை. ஒவ்வொரு நாளும் இதுதான் கணக்கு. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

என்னோடை போட்டிலை வாறது கிறகோரி. இந்தக் கரை ஆள், வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எங்கடை அம்மா எனக்காக விரதம் பிடிக்கிறா எண்டு சொன்னன். "எனக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லு மச்சான், என்ரை மனிசி நாள் முழுக்கச் சாப்பிடுறாள்" எண்டு பகிடி விடுறான். நல்லவன்.

அம்மா பிடிக்கட்டும். தடுக்காதை. கடலுக்குப் போற ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு அது நல்லது.

நீ அந்தச் சனிக்கிழமை வகுப்பை விடாதை. எங்கடை குடும்பத்திலை கம்பஸ் போய்ப் படிச்சது நீ ஒருத்திதான்.

சந்தியோகு அண்ணையிட்டைக் கொஞ்சக் காசும் கருவாடும் குடுத்துவிடுறன்.

அண்ணை
பிரகலாதன்

•

பொலிகண்டி
09.06.2024

அன்பு அண்ணைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எங்களுக்கு வருத்தம் துன்பம் ஒன்றும் இல்லை. காசும் கருவாடும் கிடைத்தன.

இந்தக் கிழமை வகுப்பில் நுகர்வோர் எப்படித் தெரிவு செய்கிறார் என்று படிப்பித்தேன். கையில் இருக்கிற வருமானம் இவ்வளவு, அரிசி இந்த விலை, மீன் இந்த விலை. கரும்பலகையில் ஒரு சரிவுக் கோடு கீற வேண்டும். அதற்குப் பெயர் வரவுசெலவுக் கோடு. கோட்டுக்கு வெளியே உள்ள எதையும் அவரால் எட்ட முடியாது. உள்ளே இருப்பதில் தனக்கு ஆகக் கூடிய திருப்தி தருவதை அவர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் பாடம்.

கஜானி என்று ஒரு பிள்ளை, புத்தூரில் வெங்காயம் செய்கிற வீட்டுப் பிள்ளை, எழும்பிக் கேட்டாள்: "மிஸ், அவ மீன் வாங்கேல்லையெண்டா அவவுக்கு மீன் விருப்பமில்லை எண்டோ அர்த்தம்?"

"அவ எதை எடுத்தாவோ அதுதான் அவவின் விருப்பம் என்று புத்தகம் எடுத்துக்கொள்ளும்" என்றேன்.

"அப்ப புத்தகம் ஒரு நாளும் சந்தைக்குப் போகேல்லைப் போல" என்று பின்னால் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் சிரிப்பு நின்றது.

அண்ணை, நீங்கள் காசு அனுப்பிய கிழமையும் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலையில் அம்மா புட்டு அவித்து, கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டா. "அம்மா, இண்டைக்குச் செவ்வாயெல்லே?" என்று கேட்டேன். "அட, மறந்துபோனன் பிள்ளை" என்றா. அந்த வெள்ளியையும் மறந்தா. காசு முடிந்த கிழமை இரண்டும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. போன கிழமை சனியும் சேர்ந்துகொண்டது. சனீஸ்வரனுக்காம்.

யாழ்ப்பாண வகுப்பை நிற்பாட்டப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

"நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டு என்னோடை இருந்து விரதம் பிடி" என்றா.

பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. நான் விரதத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் அது சாமியைப் பற்றிச் சொன்னதாகிவிடுகிறது. எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காலத்துக்குச் சாப்பிடுங்கள். உடனே பதில் போடுங்கள்.

தங்கச்சி
சுவர்ணா

•

பொலிகண்டி
06.07.2024

அன்பு அண்ணைக்கு,

நீங்கள் சுகம்தானா? பதில் வரவில்லை. சந்தியோகு அண்ணை ஒவ்வொரு முறையும் "தம்பிக்கு வேலை கூட" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துவிடுகிறார். கடிதம் கிடைத்ததா என்று மட்டுமாவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மா செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் விழுந்துவிட்டா. பயப்பட வேண்டாம், எலும்பு ஒன்றும் முறியவில்லை. உடம்பு முழுக்க வியர்த்துக் கை கால் நடுங்கிக்கொண்டு கிடந்தா. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா சீனித் தண்ணீர் பருக்கி எழுப்பினா. காலையில் சீனி வருத்தத்துக் குளிசையைப் போட்டுவிட்டு, விரதம் என்று வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறா.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதி என்னைத்தான் பேசினா. "குளிசை போட்டா சாப்பிட வேணும். சாப்பிடாட்டிக் குளிசை போடக்கூடாது. குளிசையும் இல்லைச் சாப்பாடும் இல்லையெண்டா முதல்லை கண் போகும். நீர் படிச்ச பிள்ளைதானே?" என்றா. அம்மாதான் பதில் சொன்னா: "அவளை ஏன் பேசுறியள்? அவள் தேத்தண்ணி வைச்சுத் தந்தவள், நான்தான் குடிக்கேல்லை." நான் தேநீர் வைத்துக் கொடுக்கவில்லை. அன்று சீனியும் இருக்கவில்லை.

இப்போது விரத நாட்களில் குளிசையை விடுகிறா.

அண்ணை, நான் சொன்னால் கேட்கமாட்டா. நீங்கள் அம்மாவுக்கு என்று தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். "எனக்காகப் பிடிக்க வேண்டாம், சாப்பிடுங்கோ" என்று இரண்டு வரி போதும். நான் வாசித்துக் காட்டுகிறேன். உங்களுக்காகத்தான் என்று சொல்கிறபடியால் உங்களால்தான் நிற்பாட்ட முடியும்.

காத்திருக்கிறேன்.

சுவர்ணா

•

வாடி
21.07.2024

தங்கச்சிக்கு,

நான் சுகம். அம்மா விழுந்ததைக் கேட்டு நித்திரை இல்லை. கவனமாய்ப் பார்.

வேலை கூட, அதுதான் எழுதேல்லை. வலை கொஞ்சம் சேதப்பட்டுப் போச்சு, பொத்திக்கொண்டிருக்கிறம். இப்ப நான் வேறை போட்டிலை போறன். காசு கொஞ்சம்தான் அனுப்புறன், குறை நினைக்காதை. அம்மாவுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் குடு.

ஒண்டு கேக்க வேணும். ஜூன் மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. அண்டைக்கு அம்மா விரதமோ, சாப்பிட்டவவோ? ஞாபகமிருந்தா எழுது.

அண்ணை

•

பொலிகண்டி
14.08.2024

அன்பு அண்ணைக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நடந்து திரிகிறா. அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

நீங்கள் கேட்ட அந்தச் செவ்வாய் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டில் அரிசி முடிந்து, குணலட்சுமி அக்காவிடம் ஒரு சுண்டு அரிசி கடனாக மாறி வந்த நாள். அம்மா அன்று மத்தியானச் சோற்றையும் தொடவில்லை. "இண்டைக்கு முழு உபவாசம்" என்றா. ஏன் கேட்கிறீர்கள்?

சந்நிதி முருகன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. விரதக்காரியானாலும் சாமியின் சோற்றை அம்மா வேண்டாம் என்று சொல்லமாட்டா. பின்னேரங்களில் ரியூசனால் வரும் வழியில் தொண்டைமானாற்றில் இறங்கி, மடத்தில் அன்னதானத்துக்கு நிற்கிறேன். முதல் நாள் சேலைத்தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். முன்னுக்கு நின்றவள் திரும்பினாள். கஜானி. தாயோடு வந்திருக்கிறாள்.

"மிஸ், நீங்களும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

தாய் என் கையிலிருந்த வாளியைப் பார்த்தா. வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவு வாளி. நேர்த்திக்கு வந்தவர்கள் வாளி கொண்டுவருவதில்லை. தன் முறை வந்தபோது என்னை முன்னுக்கு விட்டா. நான் குனிந்துகொண்டு போனேன்.

அம்மா இரவில் அந்தச் சோற்றைக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சாப்பிடுகிறா. குளிசையும் போடுகிறா. "முருகன் பொலிகண்டிவரைக்கும் சாப்பாடு அனுப்புறார்" என்று நேற்றுச் சிரித்தா. திருவிழா முடிகிற தீர்த்தம் வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. அதற்குப் பிறகுதான்.

உங்கள் பதிலையும், அம்மாவுக்கான அந்த இரண்டு வரியையும் எதிர்பார்க்கிறேன்.

சுவர்ணா

•

பொலிகண்டி
24.08.2024

அண்ணைக்கு,

நலம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டால் சுகம் என்றுதானே எழுதுவீர்கள்.

நேற்றுச் சந்தியோகு அண்ணை வந்தார். அம்மாதான் வாசலுக்குப் போனா. நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல ஓடித் தப்பியிருக்கலாம். வெயில், ஒரு செம்பு தண்ணீர் கேட்டார், இருந்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "போட் பிரண்டு அந்தப் பெடியன் கிறகோரி செத்துப்போக, உங்கடை மகன் தப்பினது உங்கடை விரதம் அம்மா. வேறை ஒண்டுமில்லை."

அம்மா செம்பை வாங்கிக்கொண்டு, "எண்டைக்கு?" என்று மட்டும் கேட்டா.

"ஜூனிலை. பதினெட்டு, செவ்வாய்."

அதன் பிறகு அம்மா சாமியறைக்குள் போய்விட்டா. வெளியே வந்தபோது, நீங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு நேரம்தான் என்று சொன்னா. அதுவும் மரக்கறி மட்டும். நான் அழுதேன். "ஏன் அழுறாய்? உன்ரை அண்ணை உயிரோடையெல்லே இருக்கிறான்" என்றா.

இரண்டு மாதமாக நான் அந்த விரதத்தை அரிசியாகவும் மீனாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன். அது சரியாகவும் இருந்தது. இப்போது அப்படி எண்ண முடியவில்லை. காசு வந்தாலும் இனி அம்மா மறக்கமாட்டா.

அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

சுவர்ணா

•

வாடி
08.09.2024

அன்பான தங்கச்சிக்கு,

கோவிக்காதை. உனக்காவது எழுதியிருக்க வேணும்.

அண்டைக்கு விடியப்புறம் காத்து மாறினது. வலை இழுத்துக்கொண்டு நிண்டனாங்கள். போட் ஒரு பக்கம் சரிஞ்சு பிரண்டு போச்சு. நான் எண்ணெய்க் கலனைப் பிடிச்சன். கிறகோரி வலைக்குள்ளை அம்பிட்டுப் போனான். கொஞ்ச நேரம் அவன்ரை சத்தம் கேட்டது. மத்தியானம் போலை வேறை போட் வந்து என்னை ஏத்தினது. அவனைப் பிறகுதான் கரையிலை எடுத்தவை.

மணலிலை கிடக்கேக்கை எனக்கு முதல் வந்த நினைப்பு, இண்டைக்குச் செவ்வாய், அம்மா சாப்பிட்டிருக்க மாட்டா எண்டதுதான். கிறகோரி தனக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கேட்டவன். நான் அதை அம்மாவுக்குச் சொல்லேல்லை. பகிடி எண்டு விட்டிட்டன்.

சாப்பிடச் சொல்லி எழுது எண்டு நீ திருப்பித் திருப்பி எழுதிப்போட்டாய். நான் பேனை எடுக்காமல் இல்லை. எழுதினா, அடுத்த நாள் விடிய நான் போட்டிலை ஏற வேணும். எனக்கு ஏலாமல் கிடக்கு தங்கச்சி. காத்துக்கும் விரதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு நீ சொல்லுவாய். கரையிலை நிக்கேக்கை எனக்கும் அது தெரியுது.

வந்திடட்டோ எண்டும் யோசிச்சன். இப்ப வந்தா மாரி முடியுமட்டும் எங்கடை கரையிலும் தொழில் இல்லை. மூண்டு பேரும் இருந்து விரதம் பிடிக்க வேண்டியதுதான். ஐப்பசி மட்டும் நிண்டாத்தான் மாரிக்கு அரிசி.

அம்மாவின்ரை கண்ணுக்கு ஒண்டும் வரக்கூடாது. ஆனா சாப்பிடச் சொல்லி நான் எழுத மாட்டன். என்னை என்ன வேணுமெண்டாலும் நினை.

அண்ணை
பிரகலாதன்

•

பொலிகண்டி
29.09.2024

அன்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உங்களை ஒன்றும் நினைக்கவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

கிளினிக்கில் அம்மாவின் கண்ணைப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறதாம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை, இல்லாவிட்டால் தைக்கிற ஊசி மட்டுமல்ல, ஆட்களே தெரியாமல் போகும் என்று டொக்டர் சொன்னார். "பிள்ளை கரைக்கு வரட்டும் ஐயா, பிறகு சாப்பிடுறன்" என்று அம்மா சொன்னா. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வரும் வழியில் பிள்ளையார் கோயில் ஐயரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். விரதத்தை இடையில் விடலாமா என்று.

"விடக்கூடாது. ஆனா பெத்தவவுக்கு ஏலாமல் போனாப் பெண்பிள்ளை பொறுப்பெடுக்கலாம். அது வழக்கத்திலை இருக்கிறதுதானே. எடுத்தா முழுசா எடுக்க வேணும், அரைகுறையா இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சம்மதிக்கவில்லை.

"நீ இதுகளை நம்பாதவள். நம்பாமல் பிடிச்சா அவனுக்குத்தான் கூடாது."

"நம்பிறன் அம்மா."

"எப்ப தொடக்கம்?"

"அண்ணை தப்பின நாள் தொடக்கம்."

அம்மா என் முகத்துக்குக் கிட்ட வந்து பார்த்தா. இப்போதெல்லாம் கிட்ட வந்துதான் பார்க்கிறா. என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஐயருக்கு முன்னால் என் கையில் பூவும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தா. 

அதனால் நீங்கள் பயப்படாமல் கடலுக்குப் போங்கள். விரதம் நிற்கவில்லை. நான் பிடிக்கிறேன். பத்து நாளாகிறது. நீங்கள் வாசலை மிதிக்கும்வரை ஒரு நாளும் தவறவிடமாட்டேன். முதலில் அம்மாவுக்காகத்தான் எடுத்தேன். போன செவ்வாய் இரவு காற்று உரத்து அடித்தபோது, மத்தியானம் சோற்றுக்குப் பிறகு ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டேனே என்று விடியும்வரை நித்திரை வரவில்லை. புதன்கிழமை சந்தியோகு அண்ணையின் லொறிச் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டு இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. இனித் தேநீரும் இல்லை.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பை நிற்பாட்டினால் விரதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா. ரியூசனில் கஜானி தான் சாப்பிடக் கொண்டுவந்த பணிஸில் பாதி நீட்டினாள். விரதம் என்றேன். "மிஸ், நீங்கள் மெலிஞ்சு போனியள்" என்றாள். வரவுசெலவுக் கோடு சோதனைக்கு வருமா என்று கேட்டார்கள். கட்டாயம் வரும் என்றேன்.

பானையில் போடுகிற அரிசிச் சுண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீங்கள் அனுப்புகிற காசு அப்படியே போதுமாக இருக்கிறது. கூட அனுப்ப வேண்டும் என்று தூரம் ஓட வேண்டாம்.

அம்மா மூன்று நேரமும் சாப்பிடுகிறா. நேற்று அம்மாவுக்கென்று கொஞ்சம் சூடை மீன் வாங்கிவந்தேன். கண்டதும் பேசினா, பிறகு குழம்பு வைத்தா. நான் முன்னால் இருந்தேன். பார்வை மங்கல்தானே, விரலால் தடவித் தடவி முள் எடுத்தா. சோற்றைக் குழைத்து உருட்டி, பழக்கத்தில், "இந்தா" என்று என் வாய்க்கு நேரே நீட்டினா.

நீட்டிய பிறகுதான் என் விரதம் அவவுக்கு நினைவு வந்தது. கையை உடனே எடுக்கவும் இல்லை, கிட்டக் கொண்டுவரவும் இல்லை. குழம்பு விரலால் வழிந்து பாயில் சொட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அம்மா அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டு, கனநேரம் மென்றா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அண்ணை.

உங்கள் தங்கச்சி
சுவர்ணா